வாசகர் கேட்டவை: டெக்சாஸ் வயலில் ஓர் இரவுப் பன்றி வேட்டை

சென்ற இதழில் எலிக்காய்ச்சலைப் பற்றி எழுதியபோது, டெக்சாஸ் மாநிலத்தில் குடியேறிவிட்ட என் கல்லூரித் தோழர் ஒருவருடன் ஓர் இரவு பன்றி வேட்டைக்குப் போய் வந்ததைப் போகிற போக்கில் ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தேன். எலிக்காய்ச்சலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வந்த கடிதங்கள் எல்லாம் அந்த ஒரு வரியைப் பற்றியவை. ஆகவே இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: என் மகன் டாலஸ் நகரில் எச்-1பி விசாவில் கணினி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறான். அலுவலக நண்பனுடன் இரவில் ஒரு பண்ணைக்குப் போய், துப்பாக்கியால் காட்டுப்பன்றிகளைச் சுட்டுக்கொண்டிருக்கும் காணொளியை அனுப்பியிருந்தான். எங்கள் வீட்டில் கோழி அறுப்பதைக்கூட அவன் நின்று பார்த்ததில்லை. “இங்கே இதற்கு லைசென்ஸே வேண்டாம் அப்பா, விவசாயிகளே கூப்பிடுகிறார்கள்” என்கிறான். இது உண்மையா? அவனுக்கு ஏதேனும் சிக்கல் வருமா?
— ஒரு தந்தை, நாமக்கல்

பதில்: உங்கள் மகன் சொல்வது பாதி உண்மை; மறு பாதியில்தான் அவருடைய அமெரிக்க வாழ்க்கையே அடங்கியிருக்கிறது என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

டெக்சாஸ் சட்டத்தில் காடேறிய பன்றி, அதாவது வீட்டுப்பன்றியின் வழிவந்து காட்டில் திரியும் பன்றி, வேட்டை விலங்குகளின் பட்டியலில் இல்லை. மான் போன்றவற்றுக்குப் பருவம் உண்டு, எண்ணிக்கை வரம்பு உண்டு, சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குப் பிறகு சுடக்கூடாது என்ற விதியும் உண்டு. பன்றிக்கு இவற்றில் எதுவும் இல்லை. ஆண்டு முழுவதும், இரவிலும், எத்தனை வேண்டுமானாலும் சுடலாம். 2019 செப்டம்பர் 1 முதல், தனியார் நிலத்தில் உரிமையாளரின் அனுமதியுடன் பன்றி சுடுபவருக்கு வேட்டை உரிமமும் தேவையில்லை என்று அந்த மாநிலம் சட்டத்தைத் திருத்திவிட்டது. உங்கள் மகன் கேள்விப்பட்டிருப்பது இதைத்தான்.

ஆனால் பன்றி மாநிலச் சட்டத்துக்குள் வருகிறது. துப்பாக்கியோ கூட்டாட்சிச் சட்டத்துக்குள்ளும் வருகிறது. குடியேற்ற உரிமை இல்லாத விசாவில் இருப்பவர்கள், அதாவது எச்-1பி, மாணவர் விசா, சுற்றுலா விசா போன்றவற்றில் இருப்பவர்கள், துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதே அந்தச் சட்டப்படி குற்றம். நண்பருடைய துப்பாக்கியை அரை மணி நேரம் இரவல் வாங்கிக் கையில் வைத்திருந்தாலும் அதுவும் வைத்திருப்பதாகவே கருதப்படும். இதற்கு உள்ள சில விலக்குகளில் சாதாரண ஆளுக்குப் பயன்படுவது ஒன்றே ஒன்று: அமெரிக்காவின் ஏதேனும் ஒரு மாநிலம் முறைப்படி வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் அவரிடம் இருக்க வேண்டும். பன்றியைச் சுட மாநிலம் கேட்காத அந்த உரிமத்தை, துப்பாக்கியைத் தொடுவதற்கு மத்திய அரசு கேட்கிறது. உரிமம் வேண்டாம் என்று 2019இல் அறிவித்தது அங்கே பிறந்தவர்களுக்கு வசதி. உங்கள் மகனைப் போன்றவர்களுக்கு அது ஒரு பொறி என்றுதான் நான் சொல்வேன்.

குற்றம் உறுதியானால் சிறைத்தண்டனையோடு நாடு கடத்தலும் உண்டு. பிறகு கிரீன் கார்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. அவரே அனுப்பிய காணொளி அவருக்கு எதிரான சாட்சியாகவும் ஆகலாம். ஆகவே அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பன்றியைக் கொன்றாயா என்பதன்று. அன்றைய தேதியில் உன்னிடம் வேட்டை உரிமம் இருந்ததா என்பதே. ஆறு மாதம் தொடர்ந்து டெக்சாஸில் வசித்தவருக்கு அந்த உரிமத்தின் கட்டணம் 25 டாலர்தான். செப்டம்பரில் தொடங்கும் உரிம ஆண்டு மறு ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். உரிமம் இல்லாமல் சுட்டிருந்தால், குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைப் பார்க்கும் வரை அதைப் பற்றி யாரிடமும் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். கிரீன் கார்டு பெற்றவர்களுக்கு இந்தத் தடை கிடையாது.

நான் போன இரவில் என் கையில் துப்பாக்கி இல்லை. சுற்றுலா விசாவில் இருந்தேன். தூரநோக்கியை மட்டும் கொடுத்து, “தோட்டாப் பெட்டியைக்கூட எடுத்துத் தராதே” என்று நண்பர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்.

கேள்வி: பன்றிகள் அந்த ஊரின் பூர்வீக விலங்குகள்தாமே? அவற்றின் காட்டில் நாம் விவசாயம் செய்துவிட்டு, பிறகு அவற்றையே சுடுவது நியாயமா?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: நம் ஊர்க் காட்டுப்பன்றிக்கு இந்தக் கேள்வி முழுவதும் பொருந்தும், அமெரிக்கப் பன்றிக்குப் பொருந்தாது. அந்தக் கண்டத்தில் பன்றி என்ற இனமே இருந்ததில்லை. 1539இல் ஃபுளோரிடாவில் இறங்கிய எர்னாண்டோ டி சோட்டோ என்ற ஸ்பானியர் தம் படைக்கு நடமாடும் உணவாகப் பன்றிகளைக் கொண்டுவந்தார். பின்னால் வந்த குடியேறிகளும், காதில் அடையாள வெட்டு வைத்து, தம் பன்றிகளைக் காட்டில் மேயவிட்டு, குளிர்காலத்துக்கு முன் வேண்டியதைப் பிடித்துக்கொண்டார்கள். பிடிபடாதவை காட்டிலேயே தங்கிவிட்டன. 1930களில் பணக்காரப் பண்ணையார்கள் சிலர் வேட்டை இன்பத்துக்காக ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளை வரவழைத்து டெக்சாஸில் விட்டார்கள். அவை வேலியைத் தாண்டி வந்து பழைய வீட்டுப்பன்றிகளின் வழிவந்தவற்றோடு கலந்தன. இன்று அங்கே திரிவது இந்தக் கலப்பினம். அவற்றில் கறுப்பு, செம்பழுப்பு, வெள்ளைப் புள்ளி என்று எல்லா நிறமும் இருக்கும்.

நான் கால்நடை மருத்துவன் என்பதால் இதில் இன்னொரு செய்தியைச் சொல்லாமல் விட முடியவில்லை. உயிருள்ள விலங்கின் காயத்தில் முட்டையிட்டு, சதையைத் தின்னும் புழுக்களை உண்டாக்கும் ஒரு வகை ஈ அந்தப் பகுதியில் இருந்தது. தொப்புள்கொடி ஆறாத குட்டிகள் அதனால் ஏராளமாக மடிந்தன. மலடாக்கப்பட்ட ஆண் ஈக்களைக் கோடிக்கணக்கில் பறக்கவிட்டு, 1960களில் அந்த ஈயை அமெரிக்கா பெருமளவு ஒழித்தது. மாடும் மானும் பிழைத்ததோடு பன்றிக்குட்டிகளும் பிழைத்தன. மான் வேட்டைக்காரர்கள் மானை வரவழைக்கக் காட்டில் தானியங்கித் தொட்டி வைத்து மக்காச்சோளம் கொட்டும் பழக்கம் அதோடு சேர்ந்துகொண்டது. மானுக்கு வைத்ததைப் பன்றி தின்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். தொட்டி வைப்பதை ஒருவரும் நிறுத்தவில்லை.

இன்று டெக்சாஸின் 254 கவுன்டிகளில் (நம் மாவட்டம் போன்றவை) ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் பன்றி இருப்பதாகச் சொல்கிறார்கள். நாடு முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 250 கோடி டாலர் வேளாண் இழப்பு என்பது அமெரிக்க வேளாண் துறையின் மதிப்பீடு. எனக்கு அந்தத் தொகையைவிட மனத்தில் நிற்பது நான் நேரில் பார்த்த ஒரு காட்சிதான். மக்காச்சோளம் விதைத்த மறுநாள் காலையில், இயந்திரம் கோடு போட்டாற்போல் விதைத்துச் சென்ற சால் ஒன்றின் வழியே, ஒரு சாண் இடைவெளியில் சின்னச் சின்னக் குழிகள் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை இருந்தன. ஒரே ஒரு பன்றி, மூக்கை மண்ணுக்குள் விட்டபடி, ஒரு விதையையும் தவறவிடாமல் அந்தச் சால் முழுவதையும் தின்று முடித்திருந்தது.

கேள்வி: இரவில், அதுவும் திறந்த வயலில், எப்படித்தான் வேட்டையாடுகிறார்கள்? நீங்கள் பார்த்ததை எழுதுங்களேன்.
— ஒரு கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: பிராசோஸ் ஆற்றின் கரையை ஒட்டிய வண்டல் நிலம் அது, கரிசலைப் போன்ற மண். மார்ச் மாதத் தொடக்கம். விதைப்பு முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பகலில் ஆற்றோரப் புதரில் சேற்றில் புரண்டுகொண்டு கிடக்கும் பன்றிகள் இருட்டிய பிறகு வயலுக்கு வரும் என்பதால், இரவு பத்து மணிக்கு மேல்தான் கிளம்பினோம். மனிதத் தொந்தரவு உள்ள இடத்தில் பன்றி இரவு விலங்காக மாறிவிடும். வியர்த்து உடலைக் குளிர்வித்துக்கொள்ள இயலாத பிராணி என்பதால், கோடையில் வெயிலுக்குப் பயந்தும் இரவையே தேர்ந்தெடுக்கும்.

புறப்படுவதற்கு முன் நண்பர் இரண்டு தொலைபேசி அழைப்புகள் செய்தார். ஒன்று நில உரிமையாளருக்கு. அன்று இரவு அங்கே வேறு யாரும் இல்லை என்று உறுதி செய்துகொள்ள. மற்றொன்று அப்பகுதியின் வனவிலங்குக் காவல் அதிகாரிக்கு. இது கட்டாயம் இல்லை. ஆனால் நள்ளிரவில் வயலில் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் மான் திருடர்கள் என்று எண்ணித் தேடி வருபவரும் ஆயுதத்தோடுதான் வருவார் அல்லவா?

வண்டியை அரை மைல் தள்ளி நிறுத்தி, கதவைச் சாத்தாமல் விட்டு நடந்தோம். நண்பர் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு பிளாஸ்டிக் குப்பியை எடுத்து அழுத்தினார். மாவு போன்ற தூள் பறந்து, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று காட்டியது. பன்றியின் கண் சுமார்தான். மூக்கோ நாயின் மூக்குக்குச் சளைத்ததன்று. காற்று நம் முதுகுப் பக்கமிருந்து அடித்தால் அன்றைய வேட்டை அதோடு முடிந்தது. நாங்கள் வயலைச் சுற்றிக்கொண்டு முக்கால் மணி நேரம் நடந்து, காற்று முகத்தில் படும் பக்கத்துக்கு வந்தோம்.

அவர் பயன்படுத்தியது தெர்மல் ஸ்கோப். வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் பழைய வகைக் கருவி அன்று. உடல் வெப்பத்தைப் படமாகக் காட்டுவது. வெறுங்கண்ணுக்கு ஒன்றுமே இல்லாத இருட்டில், குளிர்ந்த மண் கறுப்பாகவும், முயல்கூட வெள்ளைப் பொட்டாகவும் தெரிகிறது. பழைய முறையில் சிவப்பு விளக்கோ பச்சை விளக்கோ வைத்துச் சுடுவார்கள். பன்றிக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது என்பதால் வெள்ளை விளக்குக்கு மிரள்வதைப் போல் அதற்கு மிரளாது.

இந்தக் கருவியின் ஆபத்தும் அதன் சிறப்பிலேயே இருக்கிறது. வெப்பம் தெரியும், நிறமும் முகமும் தெரியாது. முதலில் நாங்கள் பார்த்த ஐந்து வெள்ளை உருவங்களில் இரண்டு படுத்திருந்தன. “பன்றிகள்” என்று நான் கிசுகிசுத்தேன். நண்பர் தலையை ஆட்டிவிட்டுக் காத்திருந்தார். இரண்டு நிமிடம் கழித்து ஒன்று எழுந்து முதுகை வளைத்துச் சோம்பல் முறித்தது. பக்கத்துப் பண்ணையின் கன்றுக்குட்டிகள். தெற்கு, மேற்கு டெக்சாஸில் ஜாவலினா என்று ஒரு விலங்கு உண்டு. பார்வைக்குச் சிறு பன்றி, உண்மையில் வேறு குடும்பம். அது வேட்டைச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது. தெர்மல் கருவியில் அதையும் பன்றியையும் பிரித்தறிய அனுபவம் வேண்டும். தெரியாமல் சுட்டேன் என்ற சமாதானத்தை அதிகாரிகள் ஏற்பதில்லை.

நள்ளிரவு தாண்டி, ஆற்றோரப் புதரிலிருந்து கூட்டம் வெளியே வந்தது. முன்னால் ஒரு பெரிய தாய்ப்பன்றி, பின்னால் அதன் வளர்ந்த மகள்கள், குட்டிகள். எண்ணிப் பார்த்ததில் பதினான்கு. பன்றிக் கூட்டம் என்பது பெண்வழிக் குடும்பம்; வளர்ந்த ஆண் தனியாகத்தான் திரியும். தலையைத் தூக்காமல், மண்ணைக் கிளறும் ஒலியும் உறுமலும் எங்களுக்குக் கேட்கும்படி, அவை சால்களின் வழியே நகர்ந்தன. எண்பது கெஜம் வரை நெருங்கினோம். நண்பர் முக்காலித் தாங்கியில் ரைஃபிளை வைத்தார், ஆனாலும் சுடவில்லை. அவற்றுக்கு நேர் பின்னால், வெகு தூரத்தில், ஒரு வீட்டின் விளக்கு தெரிந்தது. ரைஃபிள் தோட்டா குறி தவறினால் மைல் கணக்கில் போகும். பன்றிகள் மேட்டு வரப்பின் பக்கம் திரும்பும்வரை, பத்து நிமிடத்துக்கு மேல் அப்படியே நின்றோம். வேட்டையில் என்னைக் கவர்ந்தது என்று எதையாவது சொல்ல வேண்டுமானால், சுடாமல் நின்ற அந்தப் பத்து நிமிடங்களைத்தான் சொல்வேன்.

பிறகு நடந்தது அரை நிமிடம்கூட இல்லை. ஒலியடக்கி பொருத்தியிருந்தும் சத்தம் காதை அறைந்தது. முதல் குண்டில் தாய் விழுந்தது. மற்றவை ஆற்றை நோக்கிச் சிதறி ஓட, ஓட்டத்தில் இன்னும் இரண்டு விழுந்தன. நான்காவது ஒன்றுக்கு அடிபட்டதா இல்லையா என்று தெரியவில்லை. அடிபட்ட பன்றியைத் தேடி இருட்டில் புதருக்குள் போவது முட்டாள்தனம் என்பதால் வெளியிலிருந்தே கருவியால் துழாவிப் பார்த்தோம். விடிந்த பிறகு போய்த் தேடினோம். இரத்தம் எங்கும் இல்லை.

கேள்வி: அந்தப் பன்றிகளை என்ன செய்தீர்கள்? கறி சாப்பிடலாமா?
— ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: சாப்பிடலாம், இளம் பெண் பன்றியின் கறி, கொழுப்புக் குறைந்து, நன்றாகவே இருக்கும். முதிர்ந்த ஆணின் கறியில் அடுப்பில் வைத்ததுமே வீச்சம் எழும்.

ஆனால் அறுக்கும்போதுதான் கவனம் வேண்டும். இந்தப் பன்றிகளிடம் புருசெல்லா சூயிஸ் என்ற நுண்ணுயிரி இருக்கக்கூடும். இரத்தமும் கருப்பை நீரும் கையில் உள்ள சிறு கீறல் வழியாகவே உள்ளே போய், மாதக்கணக்கில் விட்டுவிட்டு வரும் காய்ச்சலைத் தரும். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக்கூடாது. உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. கறியின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸை எட்டும்வரை வேக வேண்டும். நம் வீட்டுக் குழம்பில் அது தானாகவே நடந்துவிடும், இளஞ்சிவப்பாக வாட்டித் தின்பவர்களுக்குத்தான் சிக்கல். பச்சைக் கறியை நாய்க்குப் போடவே கூடாது. பன்றிக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாத போலி வெறிநோய் நாய்க்கு வந்தால், இரண்டு மூன்று நாளில் அரித்துக் கதறிச் செத்துப்போகும்; மருந்து இல்லை. அமெரிக்கப் பண்ணைப் பன்றிகளிடமிருந்து 2004இல் ஒழிக்கப்பட்ட அந்த நோய் காடேறிய பன்றிகளிடம் இன்னும் இருக்கிறது.

சுட்ட பன்றியின் கறியை விற்க அங்கே அனுமதி இல்லை. நாங்கள் இரண்டின் தொடைக்கறியை எடுத்துக்கொண்டு, மீதியை நில உரிமையாளர் காட்டிய இடத்தில் ஆழக் குழி தோண்டிப் புதைத்தோம்.

கேள்வி: இப்படிச் சுட்டால் பன்றிகள் குறையுமா?
— அதே வாசகர்

பதில்: குறையாது. பன்றியின் சினைக்காலம் மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்போம். ஒரு வயது நிரம்பும் முன்பே சினை பிடிக்கும். ஓர் ஈற்றுக்கு நான்கு முதல் ஆறு குட்டிகள். நல்ல தீனி கிடைத்தால் ஆண்டுக்கு இரண்டு ஈற்றும் உண்டு. எண்ணிக்கை கூடாமல் நிறுத்தி வைக்கவே ஆண்டுதோறும் மூன்றில் இரண்டு பங்கை அகற்ற வேண்டும் என்பது டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக வேளாண் விரிவாக்கத் துறையினரின் கணக்கு. துப்பாக்கி, பொறி, நாய், ஹெலிகாப்டர் எல்லாம் சேர்ந்தும் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை என்பது 2010ஆம் ஆண்டையொட்டி அவர்களே செய்த மதிப்பீடு. கட்டணம் செலுத்தி வரும் வேட்டைக்காரர்களும் ஹெலிகாப்டரிலிருந்து சுட 2011இலும், வெப்பக்காற்றுப் பலூனிலிருந்து சுட 2017இலும் சட்டம் இயற்றினார்கள். பலூன் காற்று போகும் பக்கம்தான் போகும்; பன்றியும் அதே பக்கம் ஓடும் என்று எந்த உறுப்பினர் உறுதி கொடுத்தாரோ தெரியவில்லை.

நாங்கள் பதினான்கில் மூன்றைக் கொன்றோம். மீதிப் பதினொன்றும் அந்த வயலை, அந்த வாசனையை, அந்தச் சத்தத்தை ஓர் இரவில் கற்றுக்கொண்டு, பக்கத்து விவசாயியின் நிலத்துக்குப் போயிருக்கும். இதைப் புரிந்துகொண்டுதான் மிசௌரி மாநிலம் 2016இல் தன் வனப் பாதுகாப்புத் துறையின் நிலங்களில் பன்றி வேட்டைக்கே தடை போட்டது. கான்சஸ் மாநிலம் அதற்குப் பத்தாண்டுகள் முன்பே விளையாட்டு வேட்டையைத் தடை செய்தது. வேட்டை இன்பம் இருக்கும்வரை, பன்றியை லாரியில் ஏற்றிப் புதிய இடத்தில் இறக்கிவிடுபவர்களும் இருப்பார்கள் என்பது அவர்கள் சொன்ன இன்னொரு காரணம். அங்கே பயன்படுவது வட்டமான பெரிய கம்பிப் பட்டி. அதற்குள் பல நாள் மக்காச்சோளம் போட்டுப் பழக்கி, கடைசிக் குட்டிவரை உள்ளே வந்துவிட்டதைக் கேமராவில் பார்த்த பிறகே, தொலைபேசியால் கதவை விழச் செய்கிறார்கள். ஒன்று வெளியே நின்றால்கூட அன்றைக்குக் கதவை இறக்குவதில்லை. பொறுமையும் பணமும் கேட்கும் வேலை. இதைக் காணொளி எடுத்து யாரும் ஊருக்கு அனுப்ப மாட்டார்கள்.

கேள்வி: எங்கள் நிலக்கடலையும் மரவள்ளியும் ஒவ்வோர் ஆண்டும் பன்றியால் போகின்றன. டெக்சாஸ் விவசாயிக்கு இருக்கும் உரிமை எங்களுக்கு ஏன் இல்லை?
— ஒரு விவசாயி, கிருஷ்ணகிரி

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, ஒப்பீடு மட்டும் பொருந்தவில்லை. நம் காட்டுப்பன்றி இந்த மண்ணின் விலங்கு, சிறுத்தைக்கும் புலிக்கும் இரை, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் உள்ளது. தமிழ்நாட்டில் தனியார் யாரும் அதைச் சுட முடியாது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைப் பிடிக்கவோ சுடவோ கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விடலாம். அதற்கு அப்பால், பயிற்சி பெற்ற வனத்துறையினர் மட்டும் சுடலாம். உங்கள் நிலம் எந்த வட்டத்தில் வருகிறது என்று வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, பயிர் இழப்பீட்டுக்கான மனுவையும் அப்போதே கொடுத்துவிடுங்கள்.

அவுட்டுக்காயும் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டுவெடி) மின்வேலியும் மட்டும் வேண்டாம். 2023 மார்ச்சில் உங்கள் பக்கத்து மாவட்டமான தருமபுரியில், மாரண்டஅள்ளி அருகே, பன்றிக்காகச் சட்டவிரோதமாகப் போட்ட மின்வேலியில் மூன்று பெண் யானைகள் செத்தன. அவற்றோடு வந்த இரண்டு குட்டிகள் உடல்களைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன. வேலி போட்ட விவசாயி கைதானார்.